இரண்டு நாடாக்கள்

எங்கள் வீட்டில் நாடா என்றால் தறியில் ஓடுகிற நாடாதான். இரு முனையும் கூர்ந்து, நடுவில் ஊடைத் தார் படுத்திருக்கும் மரத்துண்டு. நைனாவின் வலது கையிலிருந்து பாவுக்குள் நுழைந்து இடது கைக்கு வரும், பலகை ஒரு முறை அடிக்கும், மறுபடி இடமிருந்து வலம் போகும். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா கேசட்டுக்கு 'ஒலிநாடா' என்று தமிழ் சொன்னபோது, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பையன்களான எங்களுக்குத் தறிதான் கண்ணில் வந்தது. அந்த நாடாவும் ஒலிக்கத்தானே செய்கிறது என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். ஐயா அதை ரசித்து, கரும்பலகையில் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் போட்டார்.

பதினேழு வருஷமாக என்னிடம் இருக்கும் ஒரு பழைய வண்டியின் பாட்டு செட்டைச் சரிசெய்த கதையை எழுத உட்கார்ந்தால், அந்தக் கரும்பலகையில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

70களில் எங்கள் வீட்டு முன்கட்டில் இரண்டு குழித்தறிகள். மண்தரை. குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தால் இடுப்பு வரை பூமிக்குள் இருப்பது போல இருக்கும். பட்டுப் பாவுக்கு ஈரம் வேண்டும் என்பதால் ஜன்னலை அகலத் திறப்பதில்லை. நைனா நெய்தது பெரும்பாலும் கோர்வைச் சேலை. அதற்கு மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று. கரையின் நிறமும் உடலின் நிறமும் சேருமிடத்தில் ஊடையோடு ஊடையைக் கோத்து வாங்க வேண்டும். நெய்கிறவர் ஒருவரால் மூன்றையும் எறிய முடியாது. ஒரு பக்கத்துக் கரைக்கு ஓர் ஆள் உட்கார வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் அந்த ஆள் நான்.

அந்த அறையில் ரேடியோவுக்கு என்று ஓர் இடம் இருந்தது. சுவரில் விளக்கு வைக்கிற மாடம். மின்சாரம் வந்த பிறகு விளக்கு போய் டிரான்சிஸ்டர் வந்து உட்கார்ந்தது. இலங்கை வானொலி அலை மாதிரி ஏறி இறங்கி வரும். கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் பேசுகிற தமிழுக்காகவே நைனா வேலையின் வேகத்தைக் குறைப்பார். ஒருநாள் அம்மா வீடு மெழுகுவதற்காக ரேடியோவை எடுத்து நடுவீட்டு ஸ்டூலில் வைத்தாள். அதே நிலையம், அதே பாட்டு, ஆனால் குரல் மெலிந்து தகரம் தட்டுவது போல ஆகிவிட்டது. நைனா தறியை விட்டு எழாமலே, "அதை மாடத்துல வை, பாட்டு செத்துப் போச்சு" என்றார். வைத்தாள். குரலுக்கு மறுபடி உடம்பு வந்தது.

ஏன் என்று எனக்குத் தெரியப் பல வருஷம் ஆனது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு காற்றை முன்னால் தள்ளுகிற அதே நேரத்தில் பின்னால் இழுக்கிறது. முன்பக்கத்து அலையும் பின்பக்கத்து அலையும் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கனமான, தாழ்ந்த சுரங்களில்தான் இந்த இழப்பு அதிகம். பின்பக்கத்து அலையை எங்காவது அடைத்துவைக்க வேண்டும். சுவரோ மூலையோ பக்கத்தில் இருந்தால் தாழ்ந்த சுரங்கள் அதில் பட்டு முன்னால் திரும்பி வந்து வலுக்கும். மாடம் மூன்று பக்கமும் சுவர். மூங்கில் மண்டபம் பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு மண்பானையின் வாயில் 8 அங்குல ஸ்பீக்கரைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார். தமிழ்நாட்டில் எத்தனையோ டீக்கடைகளிலும் சைக்கிள் கடைகளிலும் அந்தக் காலத்தில் பார்த்திருக்கலாம். பானைக்குள் அடைபட்ட காற்று அவருக்கு ஆம்ப்ளிஃபயரே கொடுக்க முடியாததைக் கொடுத்தது. ஒலியியல் படிக்காமலே அதைக் கண்டுபிடித்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை ஏறுகிறது.

நைனாவின் காது தனிக் காது. ஜக்கார்டு பெட்டியின் அட்டை ஒன்று சரியாக உட்காராவிட்டால், துணியில் பிழை தெரிவதற்கு முன்பே கையை நிறுத்துவார். பாவில் இழை அறுந்தால் கண்ணால் தேடுகிற நெசவாளிகளைப் பார்த்திருக்கிறேன். நைனா தலையைச் சாய்ப்பார். பலகை அடிக்கிற சத்தத்தில் எங்கோ ஒரு சின்ன பிசிறு. அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோனால் அறுந்த இழை அங்கே தொங்கும். ரேடியோவில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் பாடிக்கொண்டிருந்தாலும் அந்தப் பிசிறு அவருக்குத் தனியாகக் கேட்கும்.

அருணாசலத்தைச் சொல்லக் காரணம் உண்டு. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில், அவருடைய நாதஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் போட்டி போட்டுப் போகும் 'சிங்காரவேலனே' நைனாவுக்கு உயிர். இலங்கை வானொலியில் அது வந்தால் இரண்டு தறியும் நிற்காது, ஆனால் யாரும் பேசக் கூடாது.

1982இல் சித்தப்பா சென்னை பர்மா பஜாரிலிருந்து ஒரு டூ-இன்-ஒன் வாங்கி வந்தார். ரேடியோவும் கேசட்டும் ஒன்றாக இருக்கும் பெட்டி. அதிலேயே ரேடியோவைப் பதிவு செய்யும் வசதி இருந்தும், எனக்கு அதை இயக்கத் தெரியவில்லை. நான் செய்தது இதுதான்: மாடத்தில் பழைய டிரான்சிஸ்டரைப் பாட விட்டு, கீழே டூ-இன்-ஒன்னை வைத்து, அதன் மைக் வழியாகப் பதிவு செய்தேன். 60 நிமிஷக் கேசட், பக்கத்துக்கு 30. முதல் பாட்டே 'சிங்காரவேலனே'. ப்ளே, ரெக்கார்ட் பொத்தான் இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டு ஓடிப்போய் என் கரை நாடாவைப் பிடித்தது நினைவிருக்கிறது.

அதன் பிறகு கேசட் கடைகளின் காலம். தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் பதிவு செய்து, அட்டையில் அழகான கையெழுத்தில் பட்டியல் போட்டுத் தருவார்கள். எக்கோ கேசட்டில் இளையராஜா. 1986இல் 'ஹவ் டு நேம் இட்' வந்தபோது பாட்டே இல்லாத கேசட்டுக்கு ஏன் காசு என்று கேட்ட நண்பர்கள், வி. எஸ். நரசிம்மனின் வயலினை ஒரு முறை கேட்டதும் அதைத் திருப்பித் தரவில்லை. 1992இல் 'ரோஜா' வந்தது. அதுவரை யாரும் தேடாத ஆழத்தை ஊரில் எல்லோரும் ஸ்பீக்கரில் தேட ஆரம்பித்தார்கள். வந்தவாசி போகும் தனியார் பஸ்களில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பெட்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. என் காதும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

நான் தறிக்குப் போகவில்லை. 98இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கிய காலம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலைகள் முளைத்தன. அவற்றில் ஒன்றில் வேலை கிடைத்தது. எட்டு வருஷம் சேர்த்த பணத்தில், 2006இல் சென்னையில் ஒருவரிடமிருந்து இரண்டாம் கையாக ஒரு வண்டி வாங்கினேன். சான் ஸ்டார்ம். 90களின் இறுதியில் சான் மோட்டார்ஸ் கோவாவில் உருவாக்கிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, ஃபைபர் உடல், கழற்றக்கூடிய துணிக் கூரை, பிரான்சின் ரெனோ கொடுத்த 1,149 சிசி எஞ்சின். வேகத்தில் உலகத்து ஸ்போர்ட்ஸ் கார்களோடு நிற்க முடியாது. ஆனால் இந்தியாவில், நம் சாலைக்கு, நம் பணத்துக்கு இப்படி ஒன்றைச் செய்து பார்த்தார்களே என்பதற்காகவே அதன் மேல் எனக்குப் பிரியம். நைனா அந்தச் சிவப்பு வண்டியை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். "நாடா மாதிரி இருக்குடா" என்றார். எங்கள் தெருவில் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வண்டியோடு ஒரு கேசட் செட்டும், கதவுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கரும் வந்தன. ஸ்பீக்கர் கூம்பின் விளிம்பில் இருக்கும் நுரை, வெயிலும் ஈரமும் பட்டு விரல் வைத்தால் பொடியாக உதிர்ந்தது. எந்த வண்டியிலும் அந்த வயதில் அது நடக்கக்கூடியதே. நுரை விளிம்பின் ஆயுள் அவ்வளவுதான். அந்த விளிம்பை மட்டும் மாற்றியிருந்தால் போதும். நான் அன்று அதைச் செய்யவில்லை.

சென்னையில் ஒரு கடைக்குப் போனேன். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் வாட் கணக்கு அச்சடித்த செட்டை எடுத்துக் காட்டினார்கள். சேனலுக்கு 50 வாட், நான்கு சேனல். இன்று அந்தக் கணக்கை யாராவது பையன் என்னிடம் கொண்டுவந்தால் தாளில் போட்டுக் காட்டுகிறேன். எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் தடை 4 ஓம். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத ஒரு செட் அதிலிருந்து பிசிறில்லாமல் எடுக்கக்கூடிய உச்சம் சேனலுக்கு 26 வாட். நடைமுறையில் 20ஐத் தாண்டுவது கடினம். வாட் இரண்டு மடங்கானாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால்தான் ஸ்பீக்கரின் உணர்திறன் முக்கியம். ஒரு வாட்டுக்கு 90 டெசிபல் கொடுக்கிற ஸ்பீக்கர் 10 வாட்டில் பேசுவதை, 87 டெசிபல் ஸ்பீக்கர் பேச 20 வாட் கேட்கும். பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்த எண்ணை அன்று எனக்கு யாரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

அங்கே நடந்ததில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்றுதான். பழைய செட்டின் பின்னால் இருந்த இணைப்புக் கட்டையைக் கடைப் பையன் கட்டிங் பிளேயரால் ஒரே வெட்டில் துண்டித்தான். வண்டி உருவான இடத்தில் யாரோ ஒருவர் நிறம் நிறமாக அடுக்கிக் கட்டிய கம்பிகள். புதிய கம்பிகளை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி உள்ளே தள்ளினான். எங்கள் வீட்டில் பழைய பாவு முடிந்து புதுப் பாவு பிணைக்கும்போது, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய இழையோடு அதன் சோடியைப் பிணைப்பார்கள். நாள் கணக்கில் ஆகும் வேலை. அதைப் பார்த்து வளர்ந்த நான் அந்த வெட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

சீட்டுக்குப் பின்னால் நீள உருளையாக ஒரு பாஸ் ட்யூப் வந்து உட்கார்ந்தது. அன்று மாலையே ஊருக்கு வந்து நைனாவை ஏற்றிக்கொண்டேன். காந்தி ரோட்டின் பட்டுக்கடை விளக்குகளுக்கு நடுவே போகும்போது 'சிங்காரவேலனே' போட்டேன். குறுந்தகட்டிலிருந்து வந்த சுத்தமான பதிவு. நைனா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"இடி கேக்குது. பாட்டு எங்கடா?"

தவில் மட்டும் வண்டியை உலுக்கிக்கொண்டிருந்தது. ஜானகியின் குரல் எங்கோ கால் பக்கத்தில் கிடந்தது. மனிதக் குரலின் உயிரும் நாதஸ்வரத்தின் உடம்பும் இருப்பது 300 ஹெர்ட்ஸுக்கும் 3,000 ஹெர்ட்ஸுக்கும் நடுவில். மாடத்தில் இருந்த டிரான்சிஸ்டருக்கு அந்த நடுப்பகுதியைத் தவிர வேறெதுவும் தெரியாது, அதை மட்டும் அது ஒழுங்காகச் சொன்னது. நான் இரண்டு ஓரங்களையும் வாங்கிவந்து நடுவைத் தொலைத்திருந்தேன். சேலைக்குக் கரை வாங்கி, உடலை விட்டுவிட்டது போல. அதன் பிறகு நைனா என் வண்டியில் ஏறினால் பாட்டு போடச் சொன்னதே இல்லை.

வருஷங்கள் ஓடின. நைனாவின் முழங்கால் குழியில் இறங்க மறுத்தது. இரண்டு தறிகளில் ஒன்றைக் கழற்றிக் கொல்லையில் சாய்த்தோம். மற்றதில் கொஞ்ச நாள் சித்தப்பா மகன் நெய்தான், பிறகு அவனும் விசைத்தறிக் கூடத்துக்குப் போனான். அம்மா 2014இல் போய்விட்டாள். 2019இல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளும் ஊருக்குள் வண்டி எடுக்க வழியில்லை. கொட்டகையில் நின்ற வண்டிக்குள் எலி புகுந்து ஸ்பீக்கர் கம்பியைக் கடித்துப் போட்டது. பதிவு செய்து 15 வருஷம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2021இல் இரண்டாவது தடவை அதற்காக வண்டியைத் தயார் செய்தபோது டேஷ்போர்டைக் கழற்றினேன். பதினைந்து வருஷப் பழைய இன்சுலேஷன் டேப் வெயிலில் இளகி, பிசினாக வழிந்து, கம்பிகளின் செம்பு வெளியே தெரிந்தது. தீப்பிடிக்காமல் இருந்ததே பெரிது. அன்று முடிவு செய்தேன், இதை முதலிலிருந்து செய்வது என்று.

ரயில்வே ரோடு பக்கம் ரேடியோ பழுது பார்க்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். அவரிடம் முதலில் எடுத்துப்போனது, பரணில் போட்டிருந்த வண்டியின் பழைய கேசட் செட்டைத்தான். புதுசு வாங்காமல் ஏன் இது என்று அவர் கேட்கவில்லை. திறந்து பார்த்தார். பெல்ட் தாராக உருகியிருந்தது, ரப்பர் உருளை இறுகியிருந்தது. சில மின்தேக்கிகள் உப்பியிருந்தன. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பெல்ட்டும் உருளையும் வந்தன. ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, அதன் பக்கத்துச் சின்னத் திருகை அரைக்கால் சுற்றுத் திருப்பினார். மங்கியிருந்த மேல் சுரங்கள் திரை விலகினது போல வந்தன. நாடாவுக்கு ஹெட் செங்குத்தாக நிற்காவிட்டால் முதலில் போவது அந்த மேல் சுரங்கள்தான்.

பிறகு ஒலி கூட்டிக் குறைக்கும் சில்லுக்குப் பாட்டு நுழைகிற இடத்தைத் தேடிப்பிடித்து, அங்கே ஒரு ப்ளூடூத் அட்டையை இணைத்தார். அதற்குத் தனித்த 5 வோல்ட் மின்சாரம், இல்லாவிட்டால் எஞ்சின் சத்தம் பாட்டில் கலக்கும். முகப்பைப் பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது.

அந்த முகப்பின் அளவுக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மானியர்கள் வகுத்த தர அளவு, 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். பின்னால் உலகமே ஏற்றுக்கொண்டது. சேலை அகலத்துக்குத் தறியின் பன்னை அமைந்தது போல, வண்டிக்கும் செட்டுக்கும் அந்த ஓட்டை பொது. 1930இல் அமெரிக்காவில் பால் கால்வினின் நிறுவனம் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்து மோட்டோரோலா என்று பெயர் வைத்தபோது இப்படிப் பொது அளவு எதுவும் கிடையாது, ஒவ்வொரு வண்டியையும் அறுத்துத் துளைத்துத்தான் பொருத்தினார்கள். 1963இல் பிலிப்ஸ் காட்டிய சின்ன கேசட் வந்த பிறகு, தனக்குப் பிடித்த பாட்டைத் தானே தேர்ந்து வண்டிக்குள் எடுத்துப்போவது மனிதனுக்கு எளிதானது.

ஃபைபர் உடல் எங்களை நிறையச் சோதித்தது. இரும்பு வண்டியில் எர்த் வேண்டுமானால் எங்காவது ஒரு திருகைப் போட்டு முடித்துவிடலாம். ஃபைபரில் மின்சாரம் ஓடாது. 2006இல் ஏதோ ஒரு தாங்கிக்கம்பியில் எர்த்தை மாட்டியிருந்தார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு சீழ்க்கை ஏறியதற்கு அதுதான் காரணம், ஆல்டர்னேட்டரின் குரல் அது. இந்தத் தடவை தடித்த செம்புக் கம்பியை பேட்டரியின் நெகட்டிவிலிருந்தே இழுத்தோம். பாசிட்டிவில் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃப்யூஸ். ஆன்டெனாவுக்கும் கீழே உலோகத் தளம் வேண்டும். உள்பக்கம் ஒரு அலுமினியத் தகட்டை ஒட்டிய பிறகு சென்னை பண்பலை நிலையங்கள் ஓரளவு தெளிந்தன.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பியூட்டைல் ஷீட் வாங்கி வந்து கதவின் உள்பக்கத் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. வெறும் கதவில் மாட்டிய ஸ்பீக்கர் ஸ்டூல் மேல் வைத்த ரேடியோ. அடைத்த கதவு மாடம். பெரிய ஸ்பீக்கர் போடவில்லை. பழைய அளவே, ஆனால் ரப்பர் விளிம்பு, 90 டெசிபல் உணர்திறன். கதவில் திருகுவதற்கு மர வளையம் இரண்டு வேண்டும். தச்சரிடம் போகத் தயாரானபோது நைனா கொல்லையைக் காட்டினார்.

"அங்க சாஞ்சிருக்கிறதுல அறுத்துக்கோயேன்."

"தறி நைனா அது."

"தெரியும். கரையான் தின்னறதுக்கு முன்னாடி எடு."

தறி வேலை செய்யும் ஆசாரி வந்தார். எங்கள் தறியை 70களில் செய்தவரின் மகன். பழைய சட்டத்தைத் தட்டிப் பார்த்து, நல்ல பகுதியைத் தேர்ந்து, இரண்டு வளையம் கடைந்து கொடுத்தார். மீதியைப் பார்த்து, இன்னும் ஏதாவது உண்டா என்று கேட்டார். கூரையைக் கழற்றி ஓட்டும்போது காற்றின் இரைச்சல் முதலில் தாழ்ந்த சுரங்களைத்தான் விழுங்கும், அதற்குச் சின்ன துணை தேவை என்று சொன்னேன். சீட்டுக்குப் பின்னால் பாஸ் ட்யூப் இருந்த இடத்தில், 8 அங்குல ஸ்பீக்கருக்கு 15 லிட்டர் உள்ளளவில், எல்லாப் பக்கமும் மூடிய ஒரு பெட்டியை ஆணியே இல்லாமல் கோத்துச் செய்தார்.

கடைசியாக வந்தது ட்வீட்டர். மேல் சுரங்களுக்கான, ஒரு ரூபாய்க் காசின் அகலமுள்ள பொருள், கண்ணாடி மூலையில் காதைப் பார்த்து உட்காரும். பெட்டியில் 'சில்க் டோம்' என்று போட்டிருந்தது. நைனாவிடம் கொடுத்தேன். அதன் நடுவில் இருக்கும் சின்னத் துணிக் கும்மாச்சியைப் பார்த்து, "பட்டா?" என்றார். பட்டுத்துணியை அச்சில் அழுத்தி, மேலே பூச்சு பூசி இந்த வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள், உலோகத்தில் செய்தால் சில சுரங்களில் மணி போலத் தானே ஒலித்துவிடும், பட்டு லேசானது, அதோடு தன் அதிர்வைத் தானே அடக்கிக்கொள்ளும் என்று சொன்னேன். இந்தப் பெயரில் வருவது எல்லாமே அசல் பட்டு இல்லை, பாலியஸ்டரும் உண்டு என்றும் சொன்னேன். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு இழை உருவ முடிஞ்சா எரிச்சுப் பாத்து சொல்லிடுவேன். முடி கருகின வாசனை வரணும்."

உருவ முடியாது என்றேன். "அப்ப கேட்டுத்தான் சொல்லணும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

2023 மார்கழியில் ஒரு மாலை கைலாசநாதர் கோயில் பக்கம் போனோம். எங்கள் வீட்டிலிருந்து கிட்டம். ராஜசிம்ம பல்லவன் கட்டிய அந்த மணற்கல் கோயிலைச் சுற்றி ஊர் இன்னும் கொஞ்சம் அமைதி வைத்திருக்கிறது. கோயிலைத் தாண்டி, வீடுகள் இல்லாத இடத்தில் ஓரமாக நிறுத்தினேன். முதலில் போனிலிருந்து போட்டேன். ஜானகியின் குரல் கண்ணாடிக்கு நடுவே, எங்கள் முகத்துக்கு நேரே நின்றது. நாதஸ்வரம் பக்கத்திலேயே, குழல் வாயின் மூச்சோடு. நைனா தலையை ஆட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு சட்டைப்பையிலிருந்து அந்த 60 நிமிஷக் கேசட்டை எடுத்தேன். 1982. இத்தனை வருஷம் கழித்து நாடா அறுந்துவிடுமோ என்ற பயத்தோடு உள்ளே தள்ளினேன். இரைச்சல். இலங்கை வானொலியின் அலை ஏறி இறங்குவது. பாட்டு ஆரம்பித்தது. அதன் பின்னால் வேறொன்று. பழைய டூ-இன்-ஒன்னில் எத்தனை முறை கேட்டிருப்பேன், இரைச்சல் என்று நினைத்து விட்டிருந்தேன். இப்போது அது தனியே பிரிந்து வந்தது. பலகை அடிக்கிற சத்தம். மிதிக்கட்டை. ஜக்கார்டு பெட்டி ஏறி இறங்குவது. எங்கள் முன்கட்டு.

நைனா முன்னால் சாய்ந்தார்.

"நம்ம தறி."

"ஆமா நைனா."

"மூணு நாடா போடறோம். கேளு. நீ லேட்டா எறியறே." விரலால் முழங்காலில் தட்டிக் காட்டினார். "பாட்டு கேட்டுட்டு கையை விட்டிருக்கே. இங்க. இங்க பாரு, மறுபடியும்."

நாதஸ்வரம் ஒரு நீண்ட சுரத்தில் நின்றபோது, தறிக்கும் அப்பால், அடுப்படியிலிருந்து அம்மா யாரையோ கூப்பிட்டாள். பெயர் புரியவில்லை. என்னையாக இருக்கலாம். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கோயில் மதிலில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிவதற்குள் நைனா கையை உயர்த்தினார். தலையைச் சாய்த்தார், தறியில் சாய்ப்பாரே, அதே மாதிரி.

"இந்த டிக்டிக் தறி இல்ல. இது வண்டி. உன் பக்கம் இல்ல, என் பக்கம்."

எனக்குக் கேட்கவில்லை. நிறுத்தி, அவர் பக்கத்துக் கதவின் உள்பலகையைக் கழற்றினேன். பூட்டுக்குப் போகும் மெல்லிய கம்பி ஒன்று அதன் பிடியிலிருந்து விலகி, ஃபைபரைத் தொட்டுக்கொண்டிருந்தது. குறிப்பிட்ட ஒரு சுரம் வரும்போது மட்டும் அது நடுங்கும். ஒட்டுவதற்கு ஃபெல்ட் டேப் எடுத்து வரவில்லை. நைனா தன் பையில் கையை விட்டார். நெசவை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் சட்டைப்பையில் எப்போதும் கொஞ்சம் கழிவுப் பட்டு நூல் இருக்கும். அரக்கு நிறம். கண் சரியாகத் தெரியாது, விரலால் கம்பியைத் தேடி, இடைவெளி விடாமல் இழையோடு இழை சேர்த்துச் சுற்றினார். நான் டார்ச் பிடித்தேன். இரண்டு விரல் நீளத்துக்குச் சுற்றி, முடிச்சுப் போட்டு, குனிந்து மீதி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"முதல்ல இருந்து போடு" என்றார்.